வற்றுவதும் வரம்

வைகாசியில் மாடு மேய்ந்த தரையில் கார்த்திகையில் மீன் துள்ளும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த மண்ணில், தை பிறக்கும்போது சைபீரியாவிலிருந்து வந்த பறவை நின்று இரை பொறுக்கும். மறுபடி பங்குனி வரும். தண்ணீர் பின்வாங்கும், கரையில் உப்புப் பூக்கும், மாடுகள் திரும்பும். ஆண்டுதோறும் நிறைந்து ஆண்டுதோறும் வற்றுகிற கழுவெளி ஈரநிலத்தைப் பார்க்கப் பார்க்க, படைத்தவன் கணக்குப் பார்த்தே இந்த இடத்தை இப்படிப் படைத்திருக்கிறான் என்ற எண்ணம்தான் எனக்கு வலுக்கிறது.

திண்டிவனத்துக்குக் கிழக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கிறது கழுவெளி. 5,151.6 ஹெக்டேர் பரப்பு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இதை மாநிலத்தின் 16-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே பறவைகள் இதை அறிவித்துவிட்டன. இது ஓய்மாநாட்டு மண். சங்க நூலான சிறுபாணாற்றுப்படை புகழ்ந்து பாடும் ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் கிடங்கில் என்ற ஊர் இன்று திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்நூல் சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் பலர் கருத்து. அன்று பரிசில் பெறப் போன பாணரும் இந்த நெய்தல் நிலத்தைக் கடந்துதான் போயிருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைதான் கழுவெளிக்கு உயிர். திண்டிவனம், வானூர் பக்கத்து மேட்டு நிலங்களில் விழும் மழை ஏரிக்கு ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, வாய்க்கால் பிடித்து, கடைசியில் இங்கே வந்து சேரும். இங்கும் மிஞ்சினால் உப்புக்கழி ஓடை வழியாக எடையன்திட்டு முகத்துவாரம் போய் வங்கக் கடலில் கலக்கும். மழை ஓய்ந்து வெள்ளத்தின் வேகம் தணிந்ததும் அதே வழியாகக் கடல்நீர் ஓதத்தோடு உள்ளே ஏறும். ஏரிகளை ஒட்டிய பக்கம் நன்னீர், கடலை ஒட்டிய பக்கம் உப்பு, நடுவே இரண்டும் கலந்த உவர்நீர். அந்தக் கலவையும் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. வானம் அப்படிப் பொத்துக்கொள்ளும் நாளில் ஊர்களுக்குள் தேங்காமல் தண்ணீர் ஒதுங்க ஒரு தாழ்ந்த வெளி வேண்டும். கழுவெளி அந்த இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. கோடையில் வற்றிக் கிடப்பதால்தான் மழையில் அதனால் ஏந்திக்கொள்ள முடிகிறது.

ஆழம் இல்லாததுதான் இதன் செல்வம். வெளிச்சம் தரைவரை போகிறது. தரையில் பாசி வளர்கிறது. பாசியைத் தின்னப் புழுவும் பூச்சியும் நத்தையும் பெருகுகின்றன. மார்கழி முடிந்து தண்ணீர் மெல்ல வடியத் தொடங்கினால், நாளுக்கு நாள் கரையோரம் புதிதாக ஒரு கீற்றுச் சேறு வெளியே வரும். நேற்று முழங்கால் நீருக்குள் இருந்த புழு இன்று கொசு உள்ளான் என்ற சிறு பறவைக்கு எட்டும். ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாதபடி, மாசி பங்குனி வரை தவணை தவணையாகப் பரிமாறுகிற பந்தி இது.

அந்தப் பந்தியில் யாருக்கு எது என்பதை அலகு முடிவு செய்கிறது. பட்டாணி உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு, பெரிய கண். சேற்றின் மேல் ஊர்வதைக் கண்ணால் பார்த்து ஓடிப்போய்க் கொத்தும். கொசு உள்ளான் மேல்தோல் அளவுக்கு மட்டும் குத்தி எடுக்கும். கருவால் மூக்கனின் நீண்ட நேரான அலகு அடிச்சேறு வரை இறங்கும். நெடுங்கால் உள்ளான் தன் சிவந்த கால்களின் உயரத்தை நம்பித் தண்ணீருக்குள் நடக்கும். கரண்டிவாயன் அலகைச் சற்றே திறந்து, இடமும் வலமுமாகத் தண்ணீரை அரிந்துகொண்டே போகும். அடுத்தடுத்து நின்றாலும் இவற்றுக்குள் பெரிய சண்டை கிடையாது. ஒன்றின் இரை இன்னொன்றுக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது.

சேற்றில் அலகைச் செருகும் பறவை இரையைக் கண்ணால் பார்ப்பதில்லை. அலகின் நுனியில், எலும்புக்குள் பொடிப்பொடிக் குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் கொத்தாக இருக்கும். ஈர மணலுக்குள் கிடக்கும் சிப்பியை, அதைத் தொடாமலே, நீரின் அழுத்த மாறுதலை வைத்து ஓர் உள்ளான் வகைப் பறவை கண்டுகொள்வதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1998-ல் எழுதினார்கள். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அலகு முழுவதும் சேற்றுக்குள் இருக்கும்போது வாயைத் திறக்க முடியாது, சேறு இறுக்கிப் பிடித்திருக்கும். அதனால் மேலலகின் நுனியை மட்டும் தனியாக மடக்கித் தூக்கி, புழுவைக் கவ்வும் வரத்தை மூக்கன்களும் உள்ளான்களும் பெற்றிருக்கின்றன. நாம் காணும் வெளி அசைவு வெறும் குத்தல்தான். உள்ளே நடக்கிற வேலையை நினைத்துப் பார்த்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

கொசு உள்ளானைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் நகர மனமில்லை. எடை இருபது முப்பது கிராம். ஐரோப்பா, ஆசியாவின் வடகோடியில், மரமே முளைக்காத துருவப் பகுதித் தரையில் முட்டையிடும். அங்கே கோடை மிகக் குறுகியது. குஞ்சு பொரித்த சில மணி நேரத்திலேயே எழுந்து நடந்து தானே இரை தேடத் தொடங்கிவிடும். வளர்ந்த பறவைகள் முதலில் தெற்கே கிளம்பிவிடுகின்றன; குஞ்சுகள் பின்னால் வருகின்றன. ஒருமுறைகூடப் போகாத தேசத்துக்கு, வழி தெரிந்த தாய் தகப்பன் இல்லாமல், மலைகளும் பாலைகளும் தாண்டி வருகின்றன. சூரியன், நட்சத்திரங்கள், பூமியின் காந்தப் புலம் ஆகியவற்றை வைத்துப் பறவைகள் திசை பார்க்கின்றன என்று அறிவியல் சொல்லுகிறது. அந்தக் கருவியை முப்பது கிராம் உடம்புக்குள் பொருத்தி அனுப்பியது யார் என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது.

இதே குடும்பத்துப் பட்டைவால் மூக்கன் ஒன்று 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. தூரத்தை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்து கடந்தது. முதுகில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி அதைப் பதிவு செய்தது. அந்தப் பறவைக்கு அப்போது வயது ஐந்து மாதம். இப்படிப் பறக்கப் போகும் மூக்கன்கள் உடம்பில் கொழுப்பை ஏற்றிக்கொண்டு, வழியில் தேவைப்படாத குடலையும் இரைப்பையையும் சுருக்கிக்கொள்கின்றன. இறங்கியபின் அவை மீண்டும் வளர வேண்டும், உடம்பு தேற வேண்டும். கழுவெளிக்கு வரும் வலசைப் பறவைகளும் களைத்துத்தான் வந்து இறங்குகின்றன. வந்து இறங்கும் இடத்தில் சேறு இல்லாவிட்டால் அந்தப் பயணம் வீண். வடதுருவத்துக் குஞ்சின் உயிர் விழுப்புரம் மாவட்டத்துச் சேற்றோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது.

வெளிநாட்டு விருந்தாளிகளையே பேசிக்கொண்டிருந்தால் வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நன்னீர்ப் பக்கத்து வயல்களிலும் ஏரிகளிலும் ஆண்டு முழுவதும் காணக் கிடைப்பது நத்தைகுத்தி நாரை. சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, கருப்பு இறக்கை, மூடினாலும் நடுவில் இடைவெளி விடும் அலகு. குஞ்சுக்கு இந்த இடைவெளி இருக்காது; வளர வளரத்தான் உண்டாகும். நத்தையைப் பாக்குவெட்டியில் வைப்பதுபோல இடைவெளியில் வைத்து நொறுக்கித் தின்னும் என்று அறிஞர்களே வெகுநாள் நினைத்தார்கள். ஜூலியன் ஹக்ஸ்லியின் முடிவும் அதுவே. ஆனால் நிதானமாகக் கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. நாரை பெரும்பாலும் ஓட்டை உடைப்பதில்லை. தண்ணீருக்குள் வைத்தபடியே மேலலகால் நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. கீழலகின் கூரிய நுனியை ஓட்டின் மூடிக்கும் சதைக்கும் நடுவே விடுகிறது. பற்றியிருக்கும் தசையை அறுக்கிறது. ஒரு உதறு. முழுச் சதையும் வெளியே வந்துவிடும், ஓடு கீறலில்லாமல் கிடக்கும்.

கீழலகின் நுனி பெரும்பாலான நாரைகளுக்கு வலப்பக்கமாகச் சற்றே திருகியிருக்கிறது. நம் வயல் நத்தையின் ஓடும் வலப்பக்கமாகச் சுருண்டது. வயல் வரப்பில் நின்று இதைப் பார்த்திருக்கிறேன். நாரை தலையைத் தண்ணீருக்குள் விட்டு, நிமிர்ந்து, விழுங்க எடுத்துக்கொண்ட நேரம் மிகக் கொஞ்சம். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய டி.சி. ஜெர்டன், வளர்ப்பு நாரையின் கண்ணைக் கட்டி விட்டபோதும் அது நத்தையைத் தேடி எடுத்துவிட்டதைக் குறித்து வைத்திருக்கிறார். பார்வையே தேவைப்படாத தேர்ச்சி!

நாரைக்கு இவ்வளவு கொடுத்தவன் நத்தையைக் கைவிட்டுவிடவும் இல்லை. வயல் நத்தைக்கு நீருக்குள் மூச்சுவிடச் செவுளும் உண்டு, காற்றில் மூச்சுவிட நுரையீரல் போன்ற ஒரு பையும் உண்டு. தண்ணீர் குறைந்தால் சேற்றுக்குள் இறங்கி, மூடியை இறுக அடைத்துக்கொண்டு, உடம்பின் இயக்கத்தையெல்லாம் அடக்கி உறங்கிவிடும். மேலே மண் வெடித்துக் கிடக்கும், ஆடு நடக்கும், மாதங்கள் போகும். மழைத் தண்ணீர் மண்ணை நனைத்து இறங்கியதும் மூடி திறக்கும். செத்த நிலம் என்று நாம் கடந்துபோகிற தரைக்கடியில் இத்தனை உயிர் மூச்சடக்கிக் காத்திருக்கிறது.

இறாலின் கதை வேறு மாதிரி. வெள்ளை இறால் பிறப்பது கடலில். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குஞ்சாக இருக்கும்போதே ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, கழுவெளி போன்ற உவர்நீரில் சில மாதம் தின்று வளரும். பருவம் வந்ததும் முட்டையிடக் கடலுக்கே திரும்பிவிடும். போகிற வழியில் பிடிபடுவதுதான் கரையோரக் குடும்பங்களின் அன்றாடச் சோறு. இருளர் குடும்பத்துப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரு கையாலும் தரையைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. விரலில் இறால் இடறியதும் பிடித்து, பறியில் போட்டுவிட்டு, அடுத்த சாண் தரையைத் தடவுவார்கள். மாசி மாதத்து முற்பகலில் கரையேறி வந்த ஒரு மூதாட்டியிடம், "என்ன ஆயா, எறா கெடைக்குதா?" என்று கேட்டேன். பறியைச் சாய்த்துக் காட்டினார். சாம்பலும் பச்சையும் கலந்த கண்ணாடி உடம்புகள், இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. அவர் விரல் நுனிகள் ஊறி வெளுத்து, இறால் முள் கீறிய கோடுகளோடு இருந்தன.

"கெடைக்குது ராசா. தண்ணி வத்த வத்தத்தான் எறா ஒதுங்கும். நெறஞ்சி நின்னா கைக்கு எங்க வரும்?"

"வெயில் காலத்துல முழுசா காஞ்சிடுமே, அப்ப?"

"அப்ப மாட்டுக்குப் புல்லு. மழை வந்தா மறுக்கா மீனு. தண்ணி இருந்தா எங்களுக்கு, வத்துனா மாட்டுக்காரங்களுக்கு."

பல பக்கத்தில் எழுதப்படும் ஈரநிலச் சூழலியலை அந்த ஆயா இரண்டு வரியில் சொல்லிவிட்டார் என்றே எனக்குப் பட்டது.

உப்பளமும் வற்றுதலை நம்பியதுதான். தூத்துக்குடி, வேதாரண்யம் போல மரக்காணமும் உப்புக்குப் பேர்போன ஊர். தை, மாசியில் பாத்தி திருத்தி, உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலில் வற்ற விட்டு உப்பு வாருவார்கள். அந்த உப்பு நீரிலும் உயிர் இருக்கிறது. செறிந்த உப்பில் வளரும் ஒருவகை நுண்பாசி, கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே பொருளைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு செம்மை பூக்கும். இப்படிப்பட்ட பாசியிலிருந்தும் அதைத் தின்னும் பொடி இறாலிலிருந்தும்தான் பூநாரைக்கு இளஞ்சிவப்பு வருகிறது. பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கைப் பம்பு போல் இயக்கி நீரை உறிஞ்சித் தள்ளும். அலகோரத்து மயிர்ச் சல்லடை இரையை நிறுத்திக்கொள்ளும். கால்களால் சேற்றை மிதித்துக் கலக்கியும், தலையைச் சட்டென்று மேலிழுத்தும் தண்ணீரில் சிறு சுழல்களை உண்டாக்கி இரையைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது என்று 2025-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இவ்வளவு உப்பைக் குடித்து எப்படிப் பிழைக்கிறது? கண்ணுக்கு மேலே இருக்கும் சுரப்பி, இரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து மூக்குத் துளை வழியாகச் சொட்டவிடுகிறது. ஆலாக்களுக்கும் கடற்காகங்களுக்கும் அந்தச் சுரப்பி உண்டு.

கழுவெளியை விட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தால் கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காடு இருக்கிறது. சிறிய காடுதான். ஆனால் இந்தக் கடற்கரை முழுவதும் ஒருகாலத்தில் மூடியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் இது. ஆண்டில் ஏழெட்டு மாதம் நல்ல மழை இல்லாத ஊரில், இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கிற காடு! காயா, வீரை, பாலை, மகிழம் என்று சின்னச் சின்னத் தடித்த இலைகளோடு, நீரைச் சிந்தாமல் செலவழிக்கக் கற்ற மரங்கள். காயா பூக்கும்போது கிளை முழுவதும் நீலம் அப்பிக்கொள்ளும். பழந்தின்னி வௌவால்களும் கொண்டைக்குருவிகளும் பழத்தைத் தின்று விதையைச் சுமக்கின்றன. அய்யனார் காட்டில் ஒரு சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்ற பயபக்திதான் தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டுக்குக் காவல். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது பக்கத்துச் செம்மண் மேடு மழையில் அரித்து ஓடிய வெற்று நிலம். அங்கே வரப்பு போட்டு, மழையைத் தேக்கி, இத்தகைய கோயில் காடுகளின் விதைகளை எடுத்து மீண்டும் காடு வளர்த்தார்கள். பிச்சாண்டிக்குளம் வனம் அதற்கு நல்ல சாட்சி. மேட்டில் மரம் நின்றால் செம்மண் வழிந்து கழுவெளியைத் தூர்க்காது. இரண்டும் ஒரே தண்ணீரின் இரு முனைகள்.

நம்மால் நேர்ந்த தீங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வற்றிக் கிடக்கும் மாதங்களில் இது சும்மா கிடக்கும் பொட்டல் என்று எண்ணிக் கரைகளை வளைத்துப்போட்டவர்கள் உண்டு. இறால் பண்ணைகள் வந்தன. நாட்டுத் துப்பாக்கியும் வலையும் கொண்டு, ஆயிரக்கணக்கான கி.மீ. பறந்து வந்த விருந்தாளியைக் கறிக்காகக் கொல்வதும் நடந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டத்துக்கு முன்னாலேயே, வீட்டு வாசலுக்கு வந்தவரை அடிப்பது நம் ஊர் வழக்கமே இல்லை. சரணாலயம் என்ற பெயர் வந்தபிறகு காவல் கூடியிருப்பது நிம்மதி. அதே வேளையில் தலைமுறையாக இறால் தடவிப் பிழைக்கிற குடும்பங்களுக்கும் ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கும் இந்தத் தண்ணீரில் இருக்கும் இடம் பறிபோகக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்வேன். பறவையோடு சேர்ந்தே வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள்.

பார்க்க விரும்புகிறவர்கள் தை, மாசி மாதங்களில் போகலாம். திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்குப் பேருந்துகள் உண்டு; புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவும் வரலாம். விடிந்து வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது. சேற்றுக்குள் வண்டியை இறக்கக் கூடாது, கூட்டத்தைப் பறக்கவிட்டுப் படம் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் அது சேர்த்து வைத்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது, சித்திரைக்குள் வடக்கே திரும்ப அதற்கு அந்தக் கொழுப்பு வேண்டும். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். முடிந்தால் வைகாசியில் இன்னொரு முறையும், தண்ணீரே இல்லாதபோது, அதே இடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள்.